விடுதலை பெற்ற எனக்குள் ஏன் இந்த இறுக்கம்? ஆண்டவரோடு நெருக்கத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

சிறுவிளக்கு:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆண்டவரை ஏற்றுக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் எப்படி இருந்தேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரும் சொல்லாமலே வேதத்தைத் திறப்பேன். பாத்திரம் கழுவும்போது அவரோடு பேசிக்கொண்டே இருப்பேன். அதற்குப் பெயர் ஜெபம் என்றுகூடத் தோன்றாது. அதற்கு முன் எனக்குள் இருந்த பயமும் கசப்பும் கழன்று விழுந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

இப்போது என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இடது ஓரத்தில் தேதி, பக்கத்தில் மூன்று கட்டம்: ஜெபம், வேத வாசிப்பு, உபவாசம். செய்தால் நீல மையில் டிக். விட்டால் சிவப்பில் பெருக்கல் குறி. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு கூட்டத்தில் சொன்னார்கள், நல்ல யோசனையாகப் பட்டது, ஆரம்பித்தேன். ஆறு வருடமாக நடக்கிறது.

சிவப்புக் குறி விழுந்த நாளில் ஆண்டவரிடம் பேச எனக்கு முகமில்லை. மறுநாள் இரண்டு மடங்கு ஜெபித்துச் சரிக்கட்டின பிறகுதான் பேச்சு வருகிறது. சரிக்கட்ட முடியாமல் போனால் அந்த வாரம் முழுக்கத் தூரம்தான். போன மாதம் தொடர்ந்து ஒன்பது நாள் நான் ஜெபிக்கவே இல்லை. நேரம் இருந்தது. வெட்கம் விடவில்லை.

"குமாரன் உங்களை விடுதலையாக்கினால் மெய்யாகவே விடுதலையாவீர்கள்" (யோவான் 8:36) என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த விடுதலை எனக்குள் இப்போது இருப்பதாகச் சொல்ல வாய் வரவில்லை. நோட்டை விட்டுவிட்டால் மிச்சம் மீதி இருப்பதும் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

திராட்சைக்கொடி:

சிஸ்டர், நோட்டைக் கிழித்துப் போடுங்கள். இன்றைக்கே. "கர்த்தாவே, நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான், ஆண்டவரே" என்று சங்கீதம் 130 சொல்கிறது. அவரே வைக்காத கணக்கை நீங்கள் ஏன் வைக்கிறீர்கள்? கிறிஸ்துவுக்குள் இருக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை (ரோமர் 8:1). அந்தச் சிவப்பு மையே ஒரு ஆக்கினைத்தீர்ப்பு.

---

உழுகிறவன்:

கிழிப்பதற்கு முன் நான் சொல்வதையும் கேளுங்கள் அக்கா. நான் கிழித்தவன்.

எனக்கும் இதேபோல் ஒரு அட்டவணை இருந்தது. "கிருபைக்குள் இருக்கிறாய், நியாயப்பிரமாணத்தைத் தூக்கிப் போடு" என்று ஒரு சகோதரர் சொன்னார். தூக்கிப் போட்டேன். முதல் மாதம் பறவைபோல இருந்தது. இரண்டாவது மாதத்திலிருந்து "மனசு வரும்போது ஜெபிக்கலாம்" என்று ஆனது. மனசு வரவே இல்லை. கிட்டத்தட்ட மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிறிஸ்தவனாக இருந்தேன். அந்த நாட்களில் எதையெல்லாம் "சுதந்திரம்" என்று சொல்லிக்கொண்டு செய்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். என் மனைவிக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும்.

சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள் என்ற கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எல்லோரும் சொல்வார்கள். அதே அதிகாரத்தின் 13ஆம் வசனம் அந்தச் சுயாதீனத்தை மாம்சத்திற்கு ஏதுவாக அநுசரியாதிருங்கள் என்கிறது. தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். சட்டம் வந்து தடுத்த பிறகும், முன்பு செய்துவந்தபடியே செய்தார். இயேசு ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போனதை லூக்கா "தம்முடைய வழக்கத்தின்படியே" என்று எழுதுகிறார். வழக்கம் என்ற சொல் ஆண்டவருக்கே பொருந்துமானால் அது அடிமைத்தனமாக இருக்க முடியாது. உழாத நிலத்தில் மழை பெய்தாலும் ஓடித்தான் போகும்.

---

மண்பாண்டம்:

தங்கை சிறுவிளக்கு, நீங்கள் எழுதினதை இரண்டு முறை வாசித்தேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. நீங்கள் சொல்கிற நோட்டு என்னிடமும் இருந்தது. நான் அதை மனதுக்குள் வைத்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

லூக்கா 15இல் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வந்த இளைய குமாரனை நமக்கெல்லாம் தெரியும். மூத்தவனை அவசரமாகக் கடந்துவிடுகிறோம். அவன் வீட்டைவிட்டு ஒரு நாளும் போகவில்லை. ஒரு கட்டளையும் மீறவில்லை. ஆனால் தகப்பனிடம் அவன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்: இத்தனை வருஷகாலமாய் உமக்கு ஊழியஞ்செய்தேன் என்கிறான். மூலமொழியான கிரேக்கத்தில் அந்த வினைச்சொல் அடிமைக்கான சொல்லிலிருந்து வருகிறது. 'உமக்கு அடிமைவேலை பார்த்தேன்' என்றே அவன் சொல்கிறான். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, அப்பாவின் பிள்ளையாகவே பிறந்து, கூலிக்காரன் மனதோடு வாழ முடியும் என்பதற்கு அவன்தான் சாட்சி. தகப்பன் அவனைத் திட்டவில்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்றார். வேலையைக் குறை என்றும் சொல்லவில்லை, கூட்டு என்றும் சொல்லவில்லை. "மகனே" என்றார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டில் அவரும் நண்பர்களும் வைத்திருந்த ஒழுங்குக்கு முன்னால் நம் நோட்டெல்லாம் ஒன்றுமில்லை. வாரம் இரண்டு நாள் உபவாசம், சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பது, நேரத்தைக் குறித்துக் குறித்துத் தன்னையே சோதிப்பது. 1735இல் கடல் கடந்து ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகவும் போனார். உள்ளுக்குள் மட்டும் சமாதானம் இல்லை. உடைந்துபோய்த் திரும்பி வந்தவர், 1738 மே 24ஆம் தேதி சாயங்காலம் லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பதாகக் கால்மணி நேரம் இருக்கும்போது தன் இருதயம் அனலடைந்ததையும், கிறிஸ்து ஒருவரையே தான் நம்புவதை உணர்ந்ததையும் அவரே தன் நாட்குறிப்பில் எழுதினார். வயதான பிறகு பழைய நாட்குறிப்பைத் திரும்பப் பார்த்தபோது, அந்த முந்தின நாட்களில் தனக்கு இருந்தது வேலைக்காரனின் விசுவாசம், மகனுடைய விசுவாசம் அல்ல என்று குறிப்புச் சேர்த்தார்.

தம்பி உழுகிறவனுக்காக இதையும் சொல்கிறேன்: 1738க்குப் பிறகு வெஸ்லி ஒழுங்கை விட்டுவிடவில்லை. முதிர்ந்த வயதிலும் காலை நான்கு மணிக்கு எழுந்துகொண்டிருந்தார். அதே முழங்கால், அதே நான்கு மணி. முன்பு உள்ளே விடுவார்களா என்று பார்க்கக் கதவைத் தட்டினார். பிறகு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினார்.

---

மெழுகுவர்த்தி:

நான் கத்தோலிக்கப் பின்னணியிலிருந்து வருகிறேன். எங்கள் பக்கம் இந்த நோய்க்குப் பழைய பெயரே உண்டு, 'மனச்சான்றின் மிகை உறுத்தல்' என்போம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இதில் சாகும் தறுவாய்வரை போனவர்.

1522இல் அவர் தன் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி, மூன்று நாள் எடுத்து ஒப்புரவு (குருவிடம் பாவ அறிக்கை) செய்தார். பிறகு ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, ஏதோ ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டோம் என்ற உறுத்தல் பிடித்துக்கொண்டது. மறுபடி ஒப்புரவு. மறுபடி உறுத்தல். தினமும் ஏழு மணி நேரம் முழங்காலில் செபித்தும் போகவில்லை. தங்கியிருந்த அறையில் ஒரு பெரிய துவாரம் இருந்தது, அதில் விழுந்துவிடலாம் என்ற சோதனைகூட வந்தது. ஒரு வாரம் முழுக்க எதுவுமே உண்ணாமல் இருந்து பார்த்தார். கடைசியில், இந்த எண்ணம் எங்கிருந்து வந்து எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கவனித்தார். பழைய பாவங்களை இனித் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்தார். அன்றோடு விடுதலை.

குற்றத்தை உணர்த்துவது தூய ஆவியாரின் வேலைதான். ஆனால் அவர் உணர்த்தினால் இதைச் செய்தாய், வா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பொத்தாம்பொதுவாக நீ சரியில்லை, தள்ளி நில் என்று சொல்லும் குரல் அவருடையது அல்ல. உங்கள் சிவப்புக் குறி உங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள் சகோதரி.

இஞ்ஞாசியாரே பின்னால் எழுதிவைத்த இன்னொரு விதியும் உங்களுக்கு உதவும்: உள்ளம் வறண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. நோட்டைக் கிழிப்பதாயிருந்தாலும் வைத்துக்கொள்வதாயிருந்தாலும், வறட்சி முற்றியிருக்கும் நாளில் முடிவு செய்யாதீர்கள்.

உறுத்தல் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பதில் விசுவாசக் குறைச்சல் எதுவும் இல்லை.

---

சிறுவிளக்கு:

எல்லோருக்கும் நன்றி. மெழுகுவர்த்தி சகோதரர் சொன்னதற்குப் பிறகு நேற்று ராத்திரி நோட்டைத் திறந்து பழைய பக்கங்களைப் பார்த்தேன். இதுவரை நான் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. அன்றன்றைய வரியோடு மூடிவிடுவேன்.

ஒன்றைக் கவனித்தேன். சிவப்புக் குறிகள் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு சிவப்புக்கும் கீழே வெற்று வரிகள் இருக்கின்றன. டிக்கும் இல்லை, பெருக்கலும் இல்லை, தேதி மட்டும். ஒரு இடத்தில் நான்கு, ஒரு இடத்தில் ஆறு, போன மாதம் ஒன்பது. தவறினது ஒரு நாள். மற்ற நாட்களெல்லாம் ஒளிந்திருந்த நாட்கள்.

ஆதியாகமம் 3 ஞாபகம் வந்தது. பழத்தைச் சாப்பிட்டதற்கும் மரங்களுக்குள்ளே ஒளிந்ததற்கும் நடுவே ஆண்டவர் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அவர் பேசின முதல் வார்த்தை, "நீ எங்கே இருக்கிறாய்." அவரைவிட்டுத் தூரமாகப் போனது ஆதாமும் ஏவாளும்தான். அவர் தோட்டத்துக்கு வழக்கம்போல வந்திருந்தார்.

ஆறு வருடமாக நான் சிவப்பைக் குறைப்பதற்குத்தான் பாடுபட்டேன். வெற்று வரிகளைப் பற்றி ஒருநாளும் யோசிக்கவில்லை.

---

மண்பாண்டம்:

தங்கை, இதை எழுதினதற்காக ஆண்டவரைத் துதிக்கிறேன்.

பேதுருவை இரண்டு இடங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லூக்கா 5இல் வலை கிழியும் அளவுக்கு மீன் பிடிபட்டதும் அவன் இயேசுவின் காலில் விழுந்து, நான் பாவியான மனுஷன், என்னைவிட்டுப் போய்விடும் என்கிறான். யோவான் 21இல் அதே கடல், மறுபடியும் வலை நிறைய மீன். இந்த முறை அவன் ஆண்டவரை மூன்று தரம் மறுதலித்தவன். முன்பு எப்போதையும்விட வெட்கப்பட வேண்டியவன். கரையில் நிற்பது கர்த்தர் என்று தெரிந்ததும் படகு போய்ச் சேரும்வரை பொறுக்காமல் தண்ணீரில் குதித்துவிட்டான். கரைக்கு ஏறக்குறைய இருநூறு முழம். மற்றவர்கள் படகிலேயே வந்தார்கள்.

நடுவில் இருந்த வருடங்களில் அவன் பாவம் குறைந்துவிடவில்லை. அவரை அறிந்திருந்தான்.

---

கட்டவிழ்ந்தவன்:

இந்த இழையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. எல்லா இறுக்கமும் நமக்குள்ளிருந்து வருவதில்லை. சிலருக்கு மனிதர்கள்தான் கட்டுகிறார்கள்.

நான் இருந்த ஒரு ஐக்கியத்தில் வேலை மாறுவதற்கும், ஊருக்குப் போவதற்கும், யாரோடு பழகுவதற்கும் தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் செய்தால் "ஆவியானவரைத் துக்கப்படுத்தினாய்" என்பார்கள். "ஆண்டவர் உன்னைப்பற்றி எனக்குக் காண்பித்தார்" என்ற வாக்கியத்துக்குப் பதில் சொல்ல முடியுமா? அதற்குப் பிறகு நான் ஜெபிக்க உட்கார்ந்தாலே ஆண்டவர் முகத்துக்குப் பதிலாக அந்தத் தலைவர் முகம் வரும். வெளியே வந்த பிறகும் ஒன்றரை வருடம் அப்படித்தான்.

எனக்கு உதவியது 2 கொரிந்தியர் 1:24. சபையை நாட்டின அப்போஸ்தலனே, உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகள் அல்ல, உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயர் என்று எழுதுகிறார். பவுலுக்கு இல்லாத அதிகாரம் வேறு யாருக்கு வந்தது?

ஆனால் சபையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. லாசருவை உயிரோடு எழுப்பினது இயேசு. பிரேதச் சீலைகளை அவர் தம் கையால் அவிழ்க்கவில்லை, பக்கத்தில் நின்றவர்களிடம் "கட்டவிழ்த்துவிடுங்கள்" என்றார். உயிர் வந்த பிறகும் அவன் கைகால் கட்டியபடியேதான் வெளியே வந்தான். எனக்கு அந்தச் சீலையை அவிழ்த்தது ஒரு வயதான தம்பதி. உபதேசம் எதுவும் செய்யவில்லை. வாரம் ஒருமுறை என்னை உட்காரவைத்து நான் சொல்வதைக் கேட்டார்கள், கடைசியில் சத்தமாக ஜெபித்தார்கள். எதையும் யாரிடமும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

---

சொல்தேடி:

சின்னக் குறிப்பு. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 2 கொரிந்தியர் 3:17 "கர்த்தருடைய ஆவி எங்கேயோ அங்கே விடுதலையுமுண்டு" என்கிறது. கலாத்தியர் 5:1 "சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்" என்கிறது. இரண்டு இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான், எலூதெரியா. மொழிபெயர்த்தவர்கள் தமிழில் இரண்டாகப் பிரித்தது எனக்குப் பிடித்திருக்கிறது. விடுதலை என்றால் கட்டு அவிழ்வது, ஒரு நாளில் நடந்துவிடும். சுயாதீனம் என்பது பராதீனத்துக்கு எதிர்ப்பதம், இன்னொருவர் வசத்தில் இல்லாத நிலைமை. அதனால்தான் அங்கே "நிலைமை", "நிலைகொண்டிருங்கள்" என்ற சொற்கள் வருகின்றன. எகிப்தைவிட்டு இஸ்ரவேலர் புறப்பட்டது ஒரே ராத்திரியில். வனாந்தரத்தில் கொஞ்சம் கஷ்டம் வந்ததும் எகிப்தில் கிரயமில்லாமல் சாப்பிட்ட மீனும் வெள்ளரிக்காயும் நினைவுக்கு வந்துவிட்டன (எண்ணாகமம் 11:5). கிரயமில்லாமலாம்! தங்கள் பிள்ளைகளை நதியில் போட்ட தேசத்தைப் பற்றி அப்படிப் பேசினார்கள். அடிமைத்தனத்தில் ஒரு நிச்சயம் இருக்கிறது, எவ்வளவு செங்கல் அறுத்தோம் என்று எண்ணிப் பார்க்கலாம். பிள்ளையாக இருப்பதை அப்படி எண்ண முடியாது. அதுதான் நமக்குப் பயம்.

---

இரவுக்காவல்:

எல்லோரும் சொல்வது நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு இடத்தில் ஒட்டவில்லை. தூரமாக உணர்ந்தாலே நாம்தான் ஒளிந்திருக்கிறோம் என்று ஆகிவிடக் கூடாது.

அம்மா படுக்கையில் விழுந்த இரண்டு வருடம் நான்தான் பக்கத்தில் இருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அந்த நேரத்தில்தான் என் ஜெபம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்றுமே வராது. பிரசன்னம் இல்லை, வசனம் இல்லை, அழுகைகூட இல்லை. நான் ஒளியவில்லை. அங்கேயேதான் நின்றேன்.

சங்கீதம் 88ஐ வாசித்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

"அப்பா பிதாவே" என்ற கூப்பிடுதல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடத்தில் வருகிறது. ரோமர் 8லும் கலாத்தியர் 4லும் ஆவியானவர் நமக்குள் அப்படிக் கூப்பிடுகிறார் என்று நாம் சந்தோஷமாகச் சொல்வோம். மூன்றாவது இடம் மாற்கு 14:36, கெத்செமனே. இயேசு அப்படிக் கூப்பிட்டார் என்று சுவிசேஷங்களில் எழுதியிருப்பது அந்த ஒரே இடத்தில்தான். நீக்கும்படி அவர் கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. சீஷர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே "அப்பா" என்பது மனசு நிறைந்திருக்கும்போது மட்டும் வருகிற வார்த்தை என்று நான் நம்பவில்லை.

சோர்ந்துபோய்ச் சாவைக் கேட்ட எலியாவிடமும் ஆண்டவர் முதலில் பேசவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார். ஆண்டவருடைய மெல்லிய சத்தம் வந்தது நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில். சிறுவிளக்கு, நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா? இதை நான் உண்மையாகவே கேட்கிறேன்.

---

உழுகிறவன்:

இரவுக்காவல் அண்ணா, நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அம்மாவுக்காக ஜெபித்தேன்.

ஒழுங்கு வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் மண்பாண்டம் ஐயாவுக்குப் பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. நான் அட்டவணையைத் தூக்கிப் போட்டபோதும் கூலிக்காரனாகத்தான் இருந்தேன். கூலிக்காரன் வேலையை விட்டுவிட்டால் வீட்டில் அவனுக்கு வேலை இல்லை, அதனால் போய்விடுகிறான். மகனாயிருந்தால் சும்மா இருக்கும் நாளிலும் வீட்டில்தான் இருப்பான். அட்டவணையோடும் அட்டவணை இல்லாமலும் நான் ஒரே ஆள்தான்.

அக்காவுக்கு ஒரு யோசனை. நோட்டு இருக்கட்டும். கட்டங்களை மட்டும் எடுத்துவிட்டு, அந்த வரியில் அவரிடம் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அவரைப்பற்றி வேண்டாம், அவரிடம். தவறின நாளாயிருந்தால் அதையே எழுதுங்கள்.

---

சிறுவிளக்கு:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். இரவுக்காவல் அண்ணா, இல்லை, சரியாகத் தூங்கவில்லை. நீங்கள் கேட்ட அன்றைக்கு ராத்திரி உபவாச ஜெபத்துக்கு அலாரம் வைத்திருந்தேன். நிறுத்திவிட்டு, அவரிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். ஆறு வருடத்தில் முதல்முறை.

போன புதன்கிழமை காலையில் மகனிடம் கத்திவிட்டேன். ஷூ லேஸ் கட்ட நேரமாக்கினான், அவ்வளவுதான். அவன் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டே கட்டினான். வழக்கமாக அன்று ராத்திரிவரை எனக்கு ஜெபம் கிடையாது, ராத்திரியும் பாதி மன்னிப்புக் கேட்டுவிட்டு நோட்டில் சிவப்புப் போட்டுப் படுப்பேன். அன்றைக்கு அவனை அனுப்பிவிட்டுப் படியேறும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்பா, அவனை அழவைத்துவிட்டேன்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பெரிதாக எதுவும் உணரவும் இல்லை. ஆனால் சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டைத் திறந்த கையோடு மன்னிப்புக் கேட்க முடிந்தது. அவன் ஷூவைக் கழற்றிவிட்டு, மதியம் வகுப்பில் நடந்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

நோட்டை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கட்டம் போடவில்லை. முந்தாநாள் வரி வெற்றாக இருக்கிறது, நேற்றும் வெற்று. இன்று காலை அதற்குக் கீழே நீல மையில் எழுதியிருக்கிறேன்: "இரண்டு நாள் வரவில்லை அப்பா. இப்போது வந்திருக்கிறேன்."